அளவுகோல் யார் கையில்?

மாலை மங்கும் நேரம். கீழ்வேளூர்ப் பேருந்து நிறுத்தத்திலே, நாகப்பட்டினம் செல்லும் வண்டிக்காகக் காத்து நிற்கிறான் ஓர் இளைஞன். கையிலே கைப்பேசி, கண்ணெல்லாம் அதன் திரையிலே. அந்தச் சிறு திரைக்குள் ஒரு வீரன் ஓடுகிறான், தாவுகிறான், சுடுகிறான். அகன்ற தோள், ஒடுங்கிய இடை, உளியால் செதுக்கியது போன்ற வயிறு, வெயிலே படாத வெளுத்த மேனி! அவனுக்குத் துணையாக ஒரு வீராங்கனை. இரண்டு கைகளால் வளைத்தால் விரலோடு விரல் தொட்டுக்கொள்ளும் இடை அவளுக்கு. போர்க்களத்துக்குப் புறப்பட்டவள், கவசத்தை மட்டும் ஏனோ வீட்டிலே மறந்துவிட்டு வந்திருக்கிறாள்!

அதே நேரம், அதே தெருவிலே, நடவு முடித்துத் திரும்பும் பெண்கள் அவனைக் கடந்து செல்கிறார்கள். விடிந்தது முதல் குனிந்தே இருந்த முதுகு. வெயில் குடித்துக் கறுத்த கை. கால்விரல் இடுக்கிலே சேற்றுப்புண். அவர்களிலே ஒருத்தி அவனைப் பெற்ற தாயாகவும் இருக்கலாம். திரையிலே உள்ள உடலைக் கண்டு வியக்கிறான் இளைஞன். தெருவிலே செல்லும் உடலை அவன் காணவே இல்லை.

அவனைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. காணத்தக்க உடல் இது, காணத்தகாத உடல் அது என்று அவன் பிறப்பதற்கு முன்பே எவரோ முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவு கைப்பேசியோடு பிறந்ததா? இல்லை, தோழர்களே! ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வயது அதற்கு. அது நடந்து வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை, கீழ்வேளூரிலிருந்தே புறப்படலாம்.

*

கீழ்வேளூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே உள்ளது சிக்கல். கீழ்வேளூருக்குத் தெற்கே சென்றால் எட்டுக்குடி. மேற்கே திருவாரூரைத் தாண்டிச் சென்றால் எண்கண். மூன்று ஊர்களிலும் முருகன் சிலைகள் உண்டு. மூன்றையும் செய்தவன் ஒரே சிற்பி என்று இந்த வட்டாரத்திலே ஒரு கதை வழங்குகிறது.

முதற்சிலையின் அழகைக் கண்டு மன்னன் மயங்கினானாம். மயங்கிய மன்னன் என்ன கொடுத்தான்? பொன்னா, பூமியா? இப்படியொரு சிலையை இவன் இன்னோர் இடத்திலே செய்துவிடக் கூடாதே என்று, சிற்பியின் கட்டைவிரலை வெட்டச் செய்தானாம்! விரல் போயிற்று, உளியை விடவில்லை சிற்பி. இரண்டாவது சிலையும் உருவாயிற்று. இம்முறை பறிக்கப்பட்டவை அவன் கண்கள். பார்வை போன பின்னும், ஒரு சிறுமியைத் துணையாகக் கொண்டு மூன்றாவது சிலையைச் செய்தான். செய்யும்போதே பார்வை திரும்பியது, 'என் கண்!' என்று கூவினான். அதுவே ஊருக்குப் பெயராயிற்று என்று கதையை முடிக்கிறார்கள்.

ஊருக்கு ஊர் இந்தக் கதை சிறிது மாறும். வரலாறு என்று இதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வெறும் கட்டு என்று உதறிவிடவும் வேண்டியதில்லை. மக்கள் தாங்கள் பட்டதைத்தான் கதையாகச் சொல்லி வைப்பார்கள். கல்லாலான உடலிலே ஒரு குறையும் இருத்தல் ஆகாது. அதைச் செதுக்கிய உயிருள்ள உடல் ஊனமானாலும் குற்றமில்லை. இதுதான் அந்தக் கதையின் உள்ளே கிடக்கும் உண்மை. பார்வை திரும்பிய அற்புதத்தை வாயாரச் சொல்வோர், விரலை வெட்டியவனுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று கேட்பதே இல்லை!

சிற்பியின் கையிலே உளி இருந்தது. எந்த உடல் எத்தனை உயரம், எந்த இடை எத்தனை அகலம் என்று உரைக்கும் உரிமை மட்டும் அவனிடம் இல்லை. அந்த அளவை நூலிலே எழுதி வைத்தார்கள்.

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையிலே இன்றும் உலோகத் திருமேனிகள் வார்க்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருச்செய்வர். காவிரியின் வண்டல் மண்ணை அதன்மேல் பூசி உலர்த்துவர். சூடு காட்டி மெழுகை உருக்கி வடித்துவிட்டு, உள்ளே கிடைத்த வெற்றிடத்திலே உலோகக் குழம்பை ஊற்றுவர். இவ்வளவுக்கும் முன்னே, தென்னை ஓலையை நறுக்கி எடுத்து, செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்கு ஏற்ப அதிலே மடிப்புகள் இட்டுக்கொள்வர். மோவாய் இங்கே, மார்பு இங்கே, கொப்பூழ் இங்கே, முழங்கால் இங்கே என்று அந்த ஓலை சொல்லும். அந்த ஓலைதான் அளவுகோல்!

மடிப்புக்கு அடிப்படை, தாலம் என்ற அளவு. நெற்றியின் மயிரோரம் தொடங்கி மோவாய் முடிய, முகத்தின் நீளம் ஒரு தாலம். அதனை 12 கூறாக்கினால் ஒரு கூறு ஓர் அங்குலம். துணிக்கடையிலே காணும் அங்குலம் அன்று இது. சிலை பெரிதானால் தானும் பெரிதாகும், சிறிதானால் தானும் சிறிதாகும். ஒரு சாண் சிலையானாலும் ஓராள் உயரச் சிலையானாலும் உறுப்புகளின் பொருத்தம் கெடாது. கணக்கறிந்தோர் கண்ட முறை! அதனைக் கையாண்ட கைகளின் திறத்தை எவரும் குறைத்துப் பேச முடியாது, நாமும் பேசவில்லை.

எந்த உருவுக்கு எத்தனை தாலம் என்று வகுத்தார்களே, அங்கேதான் கணக்கு தன் வேலையை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கத் தொடங்கிற்று. சிவன், திருமால், பிரமன் மூவருக்கும் பத்துத் தாலத்திலே தலையாய அளவு: 124 அங்குலம். உமை, திருமகள் முதலான தேவியருக்கு இடைத்தரம்: 120. இந்திரன் முதலான திசைக்காவலர்க்குக் கடைத்தரம்: 116. இறங்கிக்கொண்டே வாருங்கள். நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. ஒரு கணக்கின்படி மனிதருக்கு எட்டுத் தாலம், கூனருக்கு ஐந்து, குள்ளருக்கும் குழந்தைகளுக்கும் நான்கு. பிள்ளையாருக்கும் ஐந்துதான்! முதல் வணக்கம் பெறுகிறவர், அளவிலே கூனரோடு கூட நிற்கிறார்!

பத்திலே தொடங்கி நான்கிலே இறங்கும் இந்தப் படிக்கட்டைச் சற்று உற்று நோக்குங்கள். நெட்டை, குட்டை, கூன், நிமிர்வு என்பன இயற்கை தந்த வேறுபாடுகள். அவற்றை எடுத்து வரிசையிலே நிறுத்தி, இது மேல், அது கீழ் என்று எண் இட்டுவிட்டார்கள். உயரம் உயர்வாயிற்று, குறுமை இழிவாயிற்று. அம்மைக்கு ஐயனைவிட 4 அங்குலம் குறைவு. அதையும் நூலே சொல்லிவிட்டது! மண்ணுலகிலே மனிதரை மேல் கீழ் என்று அடுக்கியவர்கள், விண்ணுலகையும் அடுக்காமல் விடுவார்களா?

*

இந்தப் பித்து நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. எகிப்தியர் சுவரிலே உருவம் தீட்டுமுன் கட்டம் போட்டுக்கொண்டார்கள். உள்ளங்கால் முதல் நெற்றியின் மயிரோரம் வரை 18 கட்டம் என்பது நெடுங்காலம் நிலைத்த கணக்கு. உரோமாபுரியிலே, கிறித்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டிலே வாழ்ந்த கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், முகம் உடலின் பத்தில் ஒரு பங்கு, தலை எட்டில் ஒரு பங்கு என்று எழுதினார். பத்து முகம்! நம்முடைய பத்துத் தாலத்துக்கு எவ்வளவு நெருக்கம், பாருங்கள்! விட்ருவியஸ் வகுத்த அந்த உடலைத்தான் 1490ஐ ஒட்டிய ஆண்டுகளிலே லியோனார்டோ டா வின்சி வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் நிறுத்தி வரைந்தார்.

இன்றும் ஓவியம் பயிலும் மாணவருக்கு இதே பாடம். பெரும்பாலான மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை. வீரனை வரையும்போது எட்டுத் தலை, அதற்கும் மேலே என்று கற்றுக்கொடுக்கிறார்கள். வேடிக்கைப் பாத்திரம் என்றால் மூன்று தலை, நான்கு தலை. கணினியிலே விளையாட்டு உருவங்களைப் படைப்போர் இந்தப் பள்ளியிலே பயின்றவர்களே. ஓலை போயிற்று, திரை வந்தது. படிக்கட்டு மட்டும் இடம் மாறாமல் இருக்கிறது. பத்துத் தாலத்து இறைவன் இடத்திலே எட்டுத் தலை வீரன். நான்கு தாலத்துக் குள்ளன் இடத்திலே சிரிக்கவைக்கும் குண்டன்!

திரைக்குச் செல்லுமுன், அளவுக்கு வெளியே நின்றவர்களையும் கண்டுவிட்டுப் போக வேண்டும்.

கீழ்வேளூருக்குக் கிழக்கே கடற்கரையை அடைந்து வடக்கே திரும்பினால் காரைக்கால். வணிகர் குலத்துப் புனிதவதி பிறந்த ஊர். அவர் வரலாற்றைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிலே விரித்துரைத்தார். கணவன் அஞ்சி விலகினான்; வேறொரு பெண்ணை மணந்தான்; கணவனுக்காகச் சுமந்த இந்த எழிலுடல் இனி எனக்கு வேண்டாம் என்று பேயுருவை வேண்டிப் பெற்றார் அம்மையார் என்பது புராணம். சோழநாட்டுக் கைவினைஞர்கள் அவரை உலோகத்திலே வார்த்திருக்கிறார்கள். எண்ணிவிடக் கூடிய விலா எலும்பு, வற்றித் தொங்கும் மார்பு, குழிந்த வயிறு, கையிலே தாளம். நியூயார்க் பெருநகர அருங்காட்சியகத்திலே அப்படியொரு திருமேனி இருக்கிறது. தளதளவென்ற தேவியர் உருவங்களின் நடுவே, வாழ்ந்து முதிர்ந்த ஒரு பெண்ணின் உடல்!

நாயன்மார் 63 பேரிலே பெண்கள் மூவரே. கோவில்களிலே அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர் நிற்க, அமர்ந்திருப்பவர் காரைக்கால் அம்மையார். பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்கு அவர் தந்த விலை என்ன? பெண்ணாக இருந்தவரை அவர் உடல் கணவனுக்கு உரியது. அதைத் தமக்கு உரியதாக்கிக்கொள்ள வேண்டுமென்றால், பேயாக மாறுவது ஒன்றே வழி! அழகியாக இரு, இல்லையேல் பேயாகப் போ. இரண்டுக்கும் இடையிலே, கோடானுகோடிப் பெண்கள் வாழ்கிறார்களே, அந்த இயல்பான உடலுக்கு அளவு நூலிலே இடம் வைக்கவில்லை.

உடலை மூடுவதற்கும் திறப்பதற்கும்கூட மேலே இருப்பவன் உத்தரவு தேவைப்பட்ட நாடு இது. தென் திருவிதாங்கூரிலே நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடினார்கள். 1859இலேதான் அரசு இறங்கி வந்தது. அன்று, 'மூடாதே' என்றது மேலோர் ஆணை. இன்று, 'இவள் கவசம் இல்லாமலே போரிடட்டும்' என்கிறது விளையாட்டு விற்பவன் கணக்கு. சொல்லும் வாய்தான் வேறு. பெண்ணைக் கேட்காமல் பெண்ணுடலைப் பற்றி முடிவு செய்வது இரண்டிலும் ஒன்றே.

இன்னோர் அளவும் இந்த மண்ணிலே இருந்தது. மரக்காலும் படியும்! உழைத்தவனுக்குக் கூலியாக நெல் அளந்து போட்ட அளவு அது. கீழ்வேளூர் வட்டத்திலே உள்ள கீழ்வெண்மணியில், கூலியைக் கூட்டிக் கேட்ட சேரி மக்களில் 44 பேர் 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். திருமேனியின் விரல் நகத்துக்குக்கூட அளவு எழுதி வைத்த நாட்டிலே, அந்த உடல்களின் மதிப்பை அளந்து சொல்ல ஒரு கோல் இருக்கவில்லை. சிலைக்கு அங்குலம் குறைந்தால் தெய்வக் குற்றம் என்று பதறியவர்கள், உழவனுக்குப் படி குறைந்தபோது பதறவில்லை!

*

இனித் திரைக்குச் செல்வோம்.

தொடக்க காலத்து விளையாட்டுகளிலே ஒரு விந்தை. இயந்திரம் ஏழையாக இருந்தபோது, உருவங்கள் எளியோராக இருந்தன. 1981இலே 'டாங்கி காங்' என்ற விளையாட்டில் தோன்றிய மாரியோ, குட்டையான, தொந்தி வைத்த தொழிலாளி. அவனுக்கு மீசை ஏன்? சில புள்ளிகளுக்குள் மூக்கையும் வாயையும் தனித்தனியே காட்ட இயலவில்லை, மீசை வைத்தார்கள். தொப்பி ஏன்? தலைமயிர் அசைவதைக் காட்ட வழியில்லை, தொப்பி கவிழ்த்தார்கள். அந்தத் தொந்தி மனிதனை உலகமே ஏற்றுக்கொண்டது. அழகன் இல்லை என்று ஒரு குழந்தையும் அவனை ஒதுக்கவில்லை!

பிறகு இயந்திரம் வளர்ந்தது, பார்வை குறுகிற்று. 1986இலே 'மெட்ராய்டு' என்ற விளையாட்டு வந்தது. உடல் முழுதும் கவசம் பூண்ட வீரர் ஒருவர், முடிவிலே கவசத்தைக் களைகிறார், அவர் பெண்! நல்ல புரட்சி என்று கைதட்டலாம். ஆனால் ஆட்டத்தை எவ்வளவு விரைவாக முடிக்கிறோமோ, அவ்வளவு குறைந்த உடையோடு அவள் காட்சி தருவாள். வென்றவனுக்கு அவள் உடல் பரிசு! 1996இலே இங்கிலாந்தின் டார்பி நகரத்து நிறுவனம் ஒன்று லாரா கிராஃப்ட் என்ற வீராங்கனையைப் படைத்தது. படித்தவள், துணிந்தவள், பாழடைந்த கல்லறைகளுக்குள் தனியே நுழைபவள். அந்தத் துணிவையும் படிப்பையும் விட, அவள் மார்பும் இடையுமே விளம்பரத்துக்குப் பயன்பட்டன.

நம்மவர் உருவம் எப்படி? 1991இலே ஜப்பானிய நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்ற மல்லாட்டத்திலே இந்தியன் ஒருவன் வருகிறான். பெயர் தால்சிம். எலும்பும் தோலுமான உடல், கழுத்திலே மண்டையோட்டு மாலை, நெருப்பைக் கக்கும் வாய், கயிறுபோல் நீளும் கை கால்! நாம் நம் அம்மையைப் பேயாக்கினோம். அவர்கள் நம் எல்லோரையுமே பேயாக்கிவிட்டார்கள்! அளவுகோல் அயலான் கைக்குப் போனால் நம் உடலுக்கு என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2009இலே ஆராய்ச்சியாளர் சிலர் 150 விளையாட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றிலே தோன்றும் மாந்தரைக் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். அதே ஆண்டிலே வெளிவந்த மற்றோர் ஆய்வு பெண்ணுருவங்களை அளந்து, அமெரிக்கப் பெண்களின் சராசரி உடலோடு ஒப்பிட்டது. உருவம் கரடுமுரடாக இருந்த விளையாட்டுகளிலே பெண்ணுடல் சராசரியைவிடப் பெரிதாக இருந்தது. உயிரோவியம்போல் தெளிவாக இருந்த விளையாட்டுகளிலே சராசரியைவிட மெலிந்திருந்தது! இயந்திரத்தின் பார்வை தெளியத் தெளிய, பெண்ணின் இடை சிறுத்தது. உண்மையைக் காட்டும் ஆற்றல் வந்தபோது, உண்மையைக் காட்ட விருப்பமில்லாமற் போயிற்று.

2014இலே ஒரு கூத்து. பிரெஞ்சுப் புரட்சியைக் களமாகக் கொண்டது 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' என்ற விளையாட்டு. நால்வர் சேர்ந்து ஆடும் அந்தப் பகுதியிலே பெண்ணுருவம் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, வேலை இரட்டிப்பாகும் என்று விடை வந்தது. அந்த வரிசை விளையாட்டுகளிலே முன்பு பணியாற்றிய அசைவுக் கலைஞர் ஒருவரோ, ஓரிரு நாள் வேலைதான் என்று சொல்லிவிட்டார். வெர்சேல்ஸ் அரண்மனையை நோக்கிப் பெண்கள் படையாகத் திரண்டு நடந்ததைக் கண்டது 1789ஆம் ஆண்டு. அந்தப் புரட்சியைக் கல்லும் மாடமும் உட்பட இழைத்து இழைத்துக் காட்டியவர்களுக்கு, ஒரு பெண்ணை நடக்கவைக்க நேரமில்லை!

*

"கற்பனை உருவத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? விளையாட்டிலேயாவது அழகைக் கண்டு மகிழக் கூடாதா?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி; மறுமொழி கூறுவோம்.

அழகை எவரும் பகைக்கவில்லை. ஒன்றே அழகு என்பதைத்தான் பகைக்கிறோம். கற்பனை கற்பனையோடு நிற்பதுமில்லை. 2007இலே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலே ஒரு சோதனை செய்தார்கள். கணினி உலகிலே சிலருக்கு உயர்ந்த உருவத்தையும் சிலருக்குக் குட்டை உருவத்தையும் கொடுத்துப் பேரம் பேசச் சொன்னார்கள். நெட்டை உருவம் பெற்றவர்கள் அடித்துப் பேசினார்கள். குட்டை உருவம் பெற்றவர்கள் எளிதில் விட்டுக்கொடுத்தார்கள். திரையிலே சிறிது நேரம் அணிந்த உடல், உள்ளத்திலே ஒட்டிக்கொள்கிறது! அப்படியானால், நாள்தோறும் வெளுத்த, நெடிய, புடைத்த உடலை அணிந்து ஆடும் நம் ஊர்ப் பிள்ளை, திரையை அணைத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கும்போது என்ன நினைப்பான்?

ஆண் பிள்ளைக்கும் இதிலே விடுதலை இல்லை. தோள் புடைக்காதவன் ஆணல்லன் என்ற சுமை அவன் தோளிலேயே ஏறுகிறது. கை கால் குறையுள்ளவனுக்கோ அந்த உலகிலே நடமாட இடமே அரிது.

வணிகனுக்கு இது தெரியும். விளையாட்டைச் சும்மா கொடுக்கிறான். உருவத்தை விலைக்கு விற்கிறான். உடையும் தோற்றமும் மாற்றிக்கொள்ளக் காசு. அந்தப் பண்டத்துக்கு அவன் வைத்த பெயரே 'ஸ்கின்', அதாவது தோல்! தோலை விற்கும் சந்தை நமக்குப் புதியதா? இந்நாட்டிலே 1975இலே 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று விற்பனைக்கு வந்த முகப்பசை, உலகெங்கும் நிறவெறிக்கு எதிர்ப்பு மூண்ட 2020இலே 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. பசையின் பெயர் மாறிற்று. மணமகள் தேவை விளம்பரத்திலே 'சிவந்த நிறம்' மாறவில்லை. வெயிலிலே நின்று சோறு போடும் நாட்டிலே, வெயில் பட்ட நிறத்துக்கு விலை இல்லை!

இந்த அளவை மாற்றுங்கள் என்று கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? விளையாட்டுகளிலே பெண்களைக் காட்டும் முறையை ஆராய்ந்து பேசிவந்த அனிட்டா சர்கீசியன், 2014 அக்டோபரிலே அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேசவிருந்தார். கூட்டத்திலே சுட்டுக் கொல்வோம் என்று மிரட்டல் வந்தது, பேச்சு கைவிடப்பட்டது. 2020இலே வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பகுதியிலே ஆபி என்ற பெண், உழைத்து உரம்பெற்ற கையும் தோளுமாக வந்தாள். உடற்பயிற்சியில் தேர்ந்த ஒரு வீராங்கனையின் மெய்யான உடலைப் பார்த்து அமைத்த உருவம் அது. "பெண்ணுக்கு இப்படியும் உடல் உண்டா?" என்று கூச்சலிட்டார்கள். கதையிலே ஆபி செய்த கொலைக்காக, அவளுக்குக் குரல் கொடுத்த நடிகைக்கே கொலை மிரட்டல் விடுத்தார்கள்! சிற்பியின் விரலை வெட்டிய மன்னன் செத்துவிட்டான் என்றா எண்ணினீர்கள்? முடியைக் கழற்றிவிட்டு, முகமூடி அணிந்து அலைகிறான்!

*

ஆனாலும் அளவுகோல் கை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. அதை மாற்றியவர்களிலே தமிழரும் உண்டு என்பது நமக்குப் பெருமை.

2023ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், கனடாவின் டொரண்டோ நகரத்திலே இயங்கும் 'விசை' என்ற சிறு நிறுவனம் ஒரு விளையாட்டை வெளியிட்டது. பெயர் வெண்பா. அதன் தலைவி, 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப்பெண். அவள் வாள் ஏந்தவில்லை, வானத்திலே பறக்கவில்லை. புடவை கட்டிக்கொண்டு, கிழிந்துபோன சமையற் குறிப்பேட்டைப் பார்த்து இட்லி அவிக்கிறாள். மாநிறம். நம் தெருவிலே காணும் முகம், நம் வீட்டிலே காணும் உடல். மகன் பிறக்கிறான், வளர்கிறான், அயல்மொழியிலே கரைகிறான். அவளுக்கு வயதாகிறது. அந்த வயது உடலிலே தெரிகிறது! திரைவீராங்கனைகள் நூறு ஆட்டம் ஆடினாலும் கிழவியாவதில்லை. இவள் ஆகிறாள்.

இதை யார் வாங்குவார், யார் ஆடுவார் என்று கேட்டிருப்பார்கள் சந்தையறிந்தவர்கள். உலகம் ஆடியது. 2024இலே தனி முயற்சி விளையாட்டுகளுக்கான அனைத்துலக விழாவின் தலையாய பரிசு அதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு, பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, முதற்படைப்புக்கான விருதை அளித்தது. பாவகைகளிலே கட்டுப்பாடு மிகுந்தது வெண்பா; சீரும் தளையும் பிறழக் கூடாது. அந்தப் பெயரைத் தாங்கியவள்தான், உடலுக்கு விதித்த சீரையும் தளையையும் அறுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்!

இந்த மாறுதல் எப்படி வந்தது? மன்னன் மனம் இரங்கியா? வணிகன் திருந்தியா? இல்லை. தம் வீட்டு அடுப்பங்கரையை அறிந்தவர்கள், தம் தாயின் கையை அறிந்தவர்கள், கருவியைக் கையிலே எடுத்தார்கள். அவ்வளவுதான்.

கருவி நமக்கு எட்டாத உயரத்திலே இல்லை. 2011இலே தொடங்கி, தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்கள் கையிலே மடிக்கணினி வந்தது. உருவம் வடிக்கும் 'பிளெண்டர்' என்ற மென்பொருள் 2002 முதல் எவரும் விலையின்றிப் பெறும் பொதுச்சொத்து. விளையாட்டு கட்டும் 'கோடோ' 2014 முதல் அவ்வாறே. கட்டைவிரலை வெட்ட எந்த மன்னனும் இல்லை. எட்டுத் தாலம், பத்துத் தாலம் என்று ஆணையிட எந்த நூலுக்கும் உரிமை இல்லை. ஆடத் தெரிந்த கை, ஆக்கவும் கற்றால் போதும்.

மீண்டும் கீழ்வேளூர்ப் பேருந்து நிறுத்தம். வண்டி வந்துவிட்டது. இளைஞன் கைப்பேசியைச் சட்டைப்பையிலே போட்டுக்கொண்டு நிமிர்கிறான். தெருமுனையிலே திரும்பிக்கொண்டிருக்கிறாள், நடவு முடித்து வந்த பெண். குனிந்து குனிந்து வளைந்த முதுகு. நூலிலே அதற்கு ஐந்து தாலம். திரையிலே அதற்கு இடமே இல்லை. தம்பி, அந்த முதுகை ஒருமுறை உற்றுப் பார்! நீ உண்டு வளர்ந்த சோற்றைத் தந்த முதுகு அது. அதைப் பார்த்த பிறகு, உனக்கென்று ஒரு வீரனை, ஒரு வீராங்கனையை நீயே படைக்கத் தொடங்கு.

அவர்களுக்கு எத்தனை தலை உயரம் என்பதை எவனிடமும் கேட்காதே. அளவுகோல் இனி உன் கையில்!